கபாபுக்கு உப்புப் பார்க்கிறவர்

சனிக்கிழமை காலை, டூட்டிங்கில் நான் ஏறிய பேருந்தில் ஓர் அண்ணனும் தங்கையும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மடியில் கொத்தமல்லிக் கட்டு. அவள் மடியில் நான்கு கிலோ அரைத்த மாட்டிறைச்சி.

“எனக்குத் தந்த குளிசையை மாடு முதலே குடிச்சுப்போட்டுது,” என்றார் அண்ணன்.

“என்ன அண்ணை, விசரே?”

“டொக்டர் சொன்னவர். சில பண்ணையளில மாடுகளை நெருக்கமா அடைச்சு வைச்சு, அதே மருந்தைக் குடுக்கினமாம். பக்டீரியாவுக்கு அது பழகிப்போச்சு. அதுதான் முதல் குளிசை கேக்கேல்லை. ரெண்டாவதாத் தந்த வேறை குளிசையிலதான் வயித்தாலை போறது நிண்டது.”

“எப்ப நிண்டது?”

“நேற்றுப் பின்னேரம்.”

“அப்ப ரெண்டு நாளைக்குச் சமைக்க வேண்டாமெண்டும் சொல்லியிருப்பாரே?”

அவர் கொத்தமல்லியைப் பார்த்தார்.

“நாளைக்குச் சேர்ச்சில என்ரை பிள்ளைக்குப் புதுநன்மை. அறுபது பேர் சாப்பிட வருகினம். நீங்கள் கபாப் உருட்ட ஏலாது.”

“பதினைஞ்சு வருசமா நான்தானே உருட்டுறன்! உனக்கு உப்பு அளவு தெரியாது.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“பச்சையில கொஞ்சம் வாயில வைச்சுப் பார்ப்பன்.”

தங்கை முழுதாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

“இதை டொக்டருக்குச் சொன்னனீங்களோ?”

“கடைச் சாப்பாடெண்டு சொன்னனான்.”

“அண்ணை, நாளைக்கு நீங்கள் கதிரையில இருங்கோ. நான் உருட்டி, ஒண்டை நல்லாச் சுட்டுக் கொண்டுவாறன். திண்டு பாத்து உப்புச் சொல்லுங்கோ.”

அவர் இறங்குவதற்கு மணியை அழுத்தினார்.

“ரெண்டாக் கொண்டுவா. ஒண்டில சரியாத் தெரியாது.”