ரங்கநாயகி அம்மையார் எழுந்து சொன்னது

இந்த இரங்கல் கூட்டத்தின் அவைத்தலைவர் வரதராஜுலு ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மூத்த வழக்கறிஞர்களே, கோவை நகரத்துப் பெரியோர்களே, திரைக்கு அந்தப்பக்கம் வாய்பொத்தி உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, ஆரிஃபின் வணக்கம். தாய்மார்களை விளிக்க வேண்டாம் என்று மேடையேறும்போதே சொன்னார்கள். விளித்துவிட்டேன்.

நம் ஊரில் எழவு வீட்டுக்கு யாரும் வழி கேட்டதில்லை. பெண்கள் அழும் சத்தமே கூட்டிப்போகும். முந்தாநாள் அம்மையார் வீட்டைத் தேடி வந்த வெளியூர்க்காரர்கள் தெருமுனையிலேயே திகைத்து நின்றார்கள். உள்ளே கூடம் நிறையப் பெண்கள். அத்தனை பேரும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்கள். பெண்குரல் வெளியே கேட்கக் கூடாது என்ற சட்டத்தில் சாவுக்குக்கூட விலக்கில்லையே! அந்த நிசப்தம் இன்னும் என் காதில் இரைந்துகொண்டிருக்கிறது.

வழக்கறிஞர் ரங்கநாயகி அம்மையார் எப்பேர்ப்பட்ட வாதத்திறமை உடையவர் என்பதை மேடையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அவரிடம் தோற்காதவர் இங்கே யார்? அந்த வாயைத்தான் சட்டம் அடைத்தது. அவர் அசரவில்லை. ஜூனியரான என்னை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். வாதம் அவருடையது, வாய் என்னுடையது. என் கவுனை ஒருதரம் இழுத்தால் நிறுத்த வேண்டும், இரண்டுதரம் இழுத்தால் திரும்பச் சொல்ல வேண்டும். அவர் வீட்டு அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தியதும், "குரல் கணீர்னு இருக்குது கண்ணு, அறிவு எப்ப வருமுங்க?" என்று கேலி பேசுவார். இன்று நான் கவுன் போட்டிருக்கவில்லை. ஆனாலும் முதுகுப்பக்கம் இழுபடுகிறது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அவருடைய கடைசி வழக்கு, வால்பாறை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் ராசாத்தாள் அக்காவுடையது. அக்காவின் கணவர் இறந்ததும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளைக் கொழுந்தன் தாராபுரத்துக்குக் கொண்டுபோய்க் கல்யாணம் பேசிவிட்டான். தாயோ மகளோ, பெண்ணின் சம்மதத்தை வீட்டு ஆண் சொன்னால் போதும் என்கிறது இன்றைய சட்டம். கூண்டில் ஏறி அவன், "அண்ணி ஒத்துக்கிட்டாங்க" என்றான்.

அக்கா அங்கேதான் இருந்தார். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். தலையாட்டலைப் பதிவுசெய்ய முடியாது என்றார் நீதிபதி. நான் ஆட்சேபித்தேன். தாயின் மனம் உமக்கெப்படித் தெரியும் என்று கேட்டு உட்காரச் சொன்னார்.

எனக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"இல்லீங்க. அவ ஒத்துக்கலீங்க."

அம்மையாரின் குரல்! தட்டச்சரின் கை அப்படியே நின்றது. ஒரு பெண்குரல் கேட்டதற்கு அத்தனை ஆண்களும் வெளிறிப்போனதை அன்று பார்த்தேன். வழக்கை ஒத்திவைத்தார்கள். அம்மையாரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அங்கே நெஞ்சுவலிக்கு மாத்திரை கேட்கவும் பெண்கள் வாய் திறக்கக் கூடாதாம். பிணமாகத்தான் வெளியே வந்தார்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் சூளுரைத்தீர்கள். எப்படித் தொடரப் போகிறோம்? நாளைக் காலை அதே வழக்கு வருகிறது. அந்தக் குழந்தை இன்னும் தாராபுரத்தில்தான் இருக்கிறது. இன்று மதியம் ராசாத்தாள் அக்கா என்னிடம் சொன்னார்: "எனக்காவ இனி ஆரும் செயிலுக்குப் போவ வேண்டாமுங்க தம்பி. நாளைக்கு நானே சொல்லிப்போடறேன். சபையில வாயத் தொறந்து நாளாச்சுங்க, சத்தம் வருமான்னுதான் தெரியல."

அக்கா பேசுவார், நான் பக்கத்தில் நிற்பேன். என் உறுதிமொழி இவ்வளவுதான். வருகிறவர்கள் வாருங்கள்.

வாசலில் காவலர்கள் நிற்பது தெரியும். இருந்தாலும் அந்தத் திரையை யாராவது விலக்குங்கள். அக்கா, வாங்க. மைக் இங்க இருக்குதுங்க. உங்க மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க.