துக்க வீட்டுக் கஞ்சி

பெரிய வெள்ளிக் காலை. பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டைக்குப் போகும் படகு, ஏரி எது வானம் எது என்று தெரியாத பனிக்குள் மெல்ல மிதந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் இரண்டு மீனவப் பெண்கள். இளையவள் மடியில் ஒரு கலயம்.

"யாருக்குடி கஞ்சி?"

"பவளம் விக்கிற யூதர் வூட்டுக்குக்கா. சாவு வூட்ல அடுப்பு எரியாதே."

"அங்க யாரு செத்தாங்க?"

"இன்னாக்கா இப்டி கேக்கற? இன்னிக்குத்தானே ஏசு சாமி செத்தாரு."

"அடிப்பாவி! அவங்கதான் கொன்னாங்கன்னு உபதேசியார் கோயில்ல கத்துனாரே!"

"ஆணி அடிச்சது ரோமாபுரி சிப்பாய்ங்கன்னு அவரேதான் படிச்சாரு. மரியம்மா யூதப் பொண்ணு. அப்போ செத்தது அவங்க வூட்டுப் புள்ள."

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"உன்ன இனிமே கோயில்ல சேக்கமாட்டாரு."

"சேக்காட்டி போறாரு. புள்ளய பறிகுடுத்த வூட்டு வாசல்ல நின்னு, நீதான் கொன்னேன்னு நம்ம குப்பத்துல யாராச்சும் சொல்லுவாங்களா?"

பனிக்குள்ளிருந்து கரை வந்தது. இளையவள் கலயத்தோடு இறங்கினாள். மூத்தவள் படகிலிருந்தே கூப்பிட்டுச் சொன்னாள்:

"ஏய், அங்கருந்து கெளம்பறப்ப போய்ட்டு வரேன்னு சொல்லிடாத."