டிரைவரை நம்பாதீங்கப்பா

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் மடியில் கம்ப்யூட்டரோடு இருந்த பெண் போனில் கத்தினாள்.

"டிரைவரை நம்பாதீங்கப்பா!"

எங்கள் பஸ் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். போனில் அவள் அப்பா பேசியது வெளியே கேட்டது.

"எந்த டிரைவரும்மா? நான் வாய்க்கால் மோட்டார் விசிறியில சுத்தின ஆகாயத்தாமரையை இழுத்துக்கிட்டிருக்கேன்."

"மோட்டார் பெட்டிக்குள்ள இருக்கிற புரோகிராம்ப்பா அது. சுவிட்சைப் படிக்கிற 'பின்'னை, அதான் சின்னக் கம்பிக்காலை, அது பிடிச்சு நிறுத்தாம அந்தரத்துல விட்டிருக்கு. இங்க கம்ப்யூட்டர்ல பாக்குறேன், சுவிட்சை யாரும் தொடாமலே ஒண்ணுங்குது, பூஜ்யங்குது. ஒண்ணுன்னா மோட்டார் ஓடிடும்."

"சுவிட்சை அணைச்சுட்டுத்தானே கையை விட்டேன்?"

"அணைச்சதே அதுக்குத் தெரியலப்பா! கையை எடுங்க, முதல்ல எடுங்க!"

"கத்தாதே, எடுத்துட்டேன்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, போனுக்குள் மோட்டார் உறுமியது.

கொஞ்சம் பொறுத்து அவர் கேட்டார், "எவன்மா அந்த டிரைவரை எழுதினவன்?"

"நான்தாம்பா."

'பின்' என்றுதான் சொன்னாளா, என் காதில் அப்படி விழுந்ததா, நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள்.