ஒரு சொட்டு வீணாகாமல்

— கதவை இழுத்துச் சாத்துடா எர்சிம், இருக்கற சூடெல்லாம் போயிடப் போவுது! மைனஸ் ஐம்பத்து நாலுல எவனாவது லாரியை விட்டுட்டு கோலிமா ரோட்டுல நடந்து வருவானா? மூளை கீளை உறைஞ்சு போச்சா?

— உன் லாரிச் சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு நியுர்குன் அண்ணே. அதான் எதிர்ல வந்தேன்.

— நட்ட நடு ரோட்டுல கம்பம் மாதிரி நிக்கற! இந்தப் பனிமூட்டத்துல நான் பிரேக் போட்டதே பெரிய விஷயம். உன் லாரி எங்க?

— ஆத்து வளைவுகிட்ட. ரெண்டு கிலோமீட்டர். மெதுவாவே போண்ணே, அவசரம் ஒண்ணும் இல்ல.

— அவசரமில்லையாம்! காலைல அஞ்சு மணிக்கு சாட்டிலைட் போன்ல என்ன கத்து கத்தின? 'பின் அச்சு முறிஞ்சு போச்சு, நகர முடியல, சீக்கிரம் வா'ன்னு?

— அப்ப அவசரமா இருந்துச்சு.

— கொழுப்பைப் பாரு. பிளாஸ்க்ல டீ இருக்கு, ஊத்திக்க. அம்மா குதிரைக்கறி வேற கட்டிக் குடுத்திருக்கு.

— எனக்கு வேணாம். நீ சாப்பிடு.

— சரி, இந்த முள்ளைப் பாரு, எங்க நிக்குது? இன்னும் அரை டேங்க்! ஊருக்கு டீசல் வண்டி வந்து பதினெட்டு நாள் ஆச்சு, அளந்துதான் ஊத்தறான். வேற எவனா இருந்தாலும் எறநூத்தி நாப்பது கிலோமீட்டர் வர்றதுக்குள்ள நாக்கு தள்ளிடும். அண்ணன் வித்தை!

— என்ன வித்தைண்ணே?

— ரேடியேட்டர் முன்னாடி அட்டை கட்டினேன். பானெட் மேல கம்பளியை ரெண்டா மடிச்சுப் போத்தினேன். குளிருக்கு டயர் தொவண்டு போயிருக்கும், எல்லாத்துக்கும் காத்தடிச்சேன். அதுக்கே ஒரு மணி நேரம் ஆச்சு. அப்புறம் நாப்பதுலயே ஒரே சீரா வந்தேன்.

— நாப்பதுலயா?

— பின்ன, அறுபதுல வந்தா மடமடன்னு குடிச்சிடும்டா.

— நாலு மணி நேரத்துல வந்துடறேன்னு சொன்னியேண்ணே.

— ஏழு ஆயிடுச்சு. இப்ப என்ன குடிமுழுகிப் போச்சு? வந்துட்டேன்ல?

— ஆமா. வந்துட்ட. கணவாய்ல இறங்கி சாமிக்கு ரொட்டி வச்சியா?

— ஓட்டிக்கிட்டே ஜன்னல் வழியா வீசினேன். நிறுத்திக் கிளம்பினா கால் லிட்டர் போயிடும். சாமி கோச்சுக்காது.

— கோச்சுக்கலண்ணே. பசிக்குதுன்னு மட்டும் சொல்லுச்சு.

— பேச்சைப் பாரு! வேற எவனுமே வரலியா? நிக்கற வண்டியைத் தாண்டி இந்த ரோட்டுல ஒருத்தனும் போக மாட்டானே.

— ஒரு லாரி வந்துச்சு. என் வண்டில சத்தமும் இல்ல, புகையும் இல்ல. எப்பவோ விட்டுட்டுப் போன வண்டின்னு நெனச்சிருப்பான், போயிட்டான்.

— அப்படின்னா எஞ்சினை அணைச்சிட்டியா?

— நீ சொன்னபடிதாண்ணே. 'சும்மா நின்னு உறுமறதுக்கு மணிக்கு மூணு லிட்டரா, அணைச்சுத் தொலை, போர்வை போத்தினா சூடு தாங்கும்'னு நீதானே காலைல போன்ல சொன்ன?

— சரியாத்தான் சொன்னேன். நம்ம ஊர்ல அக்டோபர்ல போட்ட எஞ்சினை ஏப்ரல் வரைக்கும் அணைக்க மாட்டாங்க, பயந்தாங்கொள்ளிப் பசங்க. நான் எத்தனை தடவை அணைச்சிருக்கேன்!

— உன் வண்டில எஞ்சினைச் சூடாக்கற ஹீட்டர் இருக்கு. என்னோடதுல இல்லண்ணே.

— அடுத்த குளிருக்கு வாங்கித் தரேன்னு சொன்னேன்லடா… சரி, மறுபடி ஸ்டார்ட் ஆச்சுல்ல?

— எட்டு தடவை சாவியத் திருப்பினேன்.

— அப்புறம்?

— அப்புறம் கை திரும்பல.

— விளையாடாத. கையைக் காட்டு. ஏண்டா இப்படி இருக்கு? ஏறி எவ்வளவு நேரமாச்சு, உன் இமைல இருக்கற பனி இன்னும் உருகலையே!

— ரோட்டைப் பாத்து ஓட்டுண்ணே.

— என் பக்கக் கண்ணாடி பூரா மூச்சுப் பட்டு வெள்ளையாயிடுச்சு. உன் பக்கம் பளிச்சுன்னு இருக்கு. எர்சிம்… நீ மூச்சு விடறியாடா?

— வளைவு வந்துடுச்சு. அதோ என் லாரி.

— உள்ள யாரோ உக்காந்திருக்காங்க. ஸ்டியரிங் மேல குனிஞ்சு… யார்டா அது? வழியில யாரையாவது ஏத்திக்கிட்டியா? சொல்லேன்டா, என் ராஜால்ல, சொல்லு!

— இறங்கறப்போ எஞ்சினை அணைச்சுடாத. நீ வீடு போய்ச் சேர என் டேங்க்ல டீசல் இருக்கு, அணைச்சதுலேருந்து ஒரு சொட்டுகூட வீணாகல, உறிஞ்சி எடுத்துக்க. கதவை மட்டும் திறக்காதண்ணே, நான் இன்னும் அந்தச் சாவியைப் பிடிச்சுக்கிட்டுதான் உக்காந்திருக்கேன்.