ரெக்டர் காரின் கண்ணாடி உடைந்த விதம்

பெயர் சுரேந்திரன். அடையாள அட்டையில் உள்ள பர்மியப் பெயர் சோ வின். தகப்பனார் பெயர் ஊ பொன்னுத்துரை, காலமாகிவிட்டார். வயது நாற்பத்து நான்கு. தொழில் பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரின் கார் ஓட்டுவது. யாங்கூன், மிங்கலாடோனில் ரயில் பாதைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் மனைவி புஷ்பலதாவுடன் வசிக்கிறேன். என் தம்பி பாலாவும் சென்ற வாரம் வரை எங்களுடன் இருந்தான்.

எனக்குப் பர்மியம் நன்றாகவே வரும். ஆனால் இந்த வழக்கில் பாதி ஒரு பர்மியச் சொல்லைப் பற்றியது. பயத்தில் என் நாக்குப் புரண்டு அந்தச் சொல் வேறாகிவிடக்கூடாது என்பதால் வீட்டில் பேசும் தமிழில் சொல்கிறேன். குற்றம் சாட்டப்பட்ட எதிரி அஜ்மலின் வழக்கறிஞர் தோ தமிழரசி எழுதிக்கொள்கிறார்; ஊ, தோ, கோ என்பவை இங்கே பெயருக்கு முன்னால் போடும் மரியாதைச் சொற்கள். பர்மிய மொழிபெயர்ப்பு இதனுடன் வைக்கப்படும்.

நான் ஒன்பது வருடமாக அந்தப் பல்கலைக்கழகத்தில் கார் ஓட்டுகிறேன். இப்போதுள்ளவர் எனக்கு மூன்றாவது ரெக்டர். நானும் அந்தப் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் ரசிகன்தான். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. மறைத்தான் என்று பின்னால் சொல்லக்கூடாது என்பதற்காக நானே சொல்கிறேன். நான் அங்கே படித்தவன் அல்ல. மைதானத்து மதிலோரம் காரை நிறுத்திவிட்டுப் பார்க்கப் பழகி, அப்படியே ஒட்டிக்கொண்டேன். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கோப்பையை எங்கள் அணி வாங்கிய வருடம், டீக்கடைக்காரர்களும், ஷ்வேப்யிதா தொழிற்சாலைகளில் இருந்து வேலை முடிந்து வரும் பையன்களும், பழைய மாணவர்களுமாக மதில் மேலெல்லாம் ஆள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரி அஜ்மல் அந்தப் பழைய மாணவர்களில் ஒருவர். அவருடைய தாயார் கரீமா குடைக் கடை வைத்திருக்கிறார். ஆட்டத்துக்கு ஆட்டம் மேளம் அடிப்பவர் அஜ்மல். அப்படித்தான் எனக்கு அவரைத் தெரியும்.

இப்போதுள்ள ரெக்டர் வந்த பிறகு, விருந்தினர் கார்கள் நிற்க இடம் வேண்டும் என்று மைதானத்தில் பாதியை வேலி போட்டு அடைத்து ஜல்லி கொட்டினார்கள். மீதிப் பாதியில் ஒரே கோல் கம்பத்தை வைத்துப் பையன்கள் பயிற்சி செய்தார்கள். ஆட்ட நாளில் மட்டும் அந்தப் பாதியிலேயே குறுக்காக இரண்டு கோல் கம்பங்கள் நட்டார்கள். கோச் காஜா மைதீன் ஐயா இரண்டு தடவை ரெக்டர் அறைக்குப் போய் மைதானத்தைத் திருப்பிக் கேட்டார். அதன் பிறகு அவரை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வந்த உடற்பயிற்சி ஆசிரியர் நல்ல மனிதர், ஆனால் அவருக்குக் கால்பந்து தெரியாது. அதே சமயத்தில் ஆட்டக்காரர்கள் சிலர் ஒருவர்பின் ஒருவராக வராமல் போனார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அணி தொடர்ந்து தோற்றதால், அஜ்மலும் மற்ற ரசிகர்களும் ரெக்டரைப் பார்க்க வந்தார்கள். காலையில் நான் காரைக் கொண்டுவந்தபோது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், மாலையில் காரை எடுத்தபோதும் அதே பெஞ்சில்தான் இருந்தார்கள். ரெக்டர் பின்வாசல் வழியாக வந்து காரில் ஏறினார். அன்று ஒரு சத்தமும் இல்லை.

அதன் பிறகு போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை நடந்த ஆட்டத்துக்கு ரெக்டர் சிறப்பு விருந்தினராக வந்தார். மழை பெய்து தரை சேறாக இருந்தது. கோல்கீப்பர் வராததால், ஓரத்தில் ஓடி ஆடும் பையன் ஒருவனுக்குக் கையுறை மாட்டி நிறுத்தியிருந்தார்கள். அது அவனுக்குப் பெரிதாக இருந்ததால் ஒவ்வொரு தடவையும் இழுத்து விட்டுக்கொண்டான். எட்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். ஐந்தாவது கோலுக்குப் பிறகு அஜ்மல் மேளத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் முடிய விசில் ஊதும் முன்பே ரெக்டர் எழுந்து காருக்கு வந்தார். தோற்றதைவிட, சேற்றில் அந்தப் பையன்கள் நிற்கும்போதே அவர் எழுந்து போனதுதான் ஜனங்களுக்குச் சுட்டது.

நான் காரை எடுப்பதற்குள் ரசிகர்கள் கேட்டுக்கு வெளியே வந்துவிட்டார்கள். கார் கேட்டைத் தாண்டியதும், வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்று காவலாளி பின்னால் கேட்டைச் சாத்திவிட்டதால், கார் கேட்டுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றுபோனது. அவர்கள் பர்மியத்தில் கத்தியது ஒரே சொல். இறங்கு என்று அதற்கு அர்த்தம். காரில் இருந்து இறங்கு என்றும் கொள்ளலாம், பதவியில் இருந்து இறங்கு என்றும் கொள்ளலாம். இரண்டு விதமாகவும்தான் கத்தினார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டுமே ரெக்டரை நோக்கித்தான். வேறு யாரையும் பற்றி, அரசாங்கத்தைப் பற்றி, ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை.

ரெக்டர் "ஓட்டு" என்றார். "முன்னால ஆளுங்க நிக்கிறாங்க ஸயாஜி" என்றேன். பெரிய ஆசிரியர்களை நாங்கள் ஸயாஜி என்றுதான் கூப்பிடுவோம். அவர் மறுபடியும் ஓட்டச் சொன்னார். நான் பிரேக்கில் இருந்து காலை எடுக்கவில்லை. அவர் பின்னால் இருந்து என் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "என்னைய விட்டுட்டு இறங்கி ஓடிராத, கோ சோ வின்" என்றார். நான் ஓடமாட்டேன் என்றேன். அதன் பிறகு அவர் போன் செய்து கூட்டம் சூழ்ந்துவிட்டது, சீக்கிரம் வாருங்கள் என்று யாரிடமோ சொன்னார். கல் எறிகிறார்கள் என்று அவர் போனில் சொல்லவில்லை.

அப்போது அஜ்மல் ரெக்டர் உட்கார்ந்திருந்த பக்கத்து ஜன்னலுக்கு வந்து இரண்டு கைகளையும் கண்ணாடியில் விரித்து வைத்தார். கையில் ஒன்றும் இல்லை. உள்ளங்கைகள் அழுந்தி வெளுத்திருந்ததை நான் திரும்பிப் பார்த்தேன். "ஸயாஜி, நாங்க அடிக்க வரல. அஞ்சு நிமிசம் பேசுங்க, போதும். ஜெயிச்சுக் குடுங்கன்னு கேக்கல. மைதானத்தக் குடுங்க, கோச்ச திரும்பக் கூப்பிடுங்க" என்றார். அவர் பர்மியத்தில் சொன்னதைத்தான் தமிழில் சொல்கிறேன். கண்ணாடியை இறக்கட்டுமா என்று நான் ரெக்டரைக் கேட்டேன். அவர் தானே பட்டனை அழுத்தி நாலு விரல்கடை இறக்கினார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "உன் பேர் என்ன?" என்பது. அதைக் கேட்டதும் அஜ்மலுக்குப் பின்னால் நின்றவர்கள் தள்ளிப் போனார்கள். ஆனாலும் அஜ்மல் பெயரைச் சொன்னார், தகப்பனார் பெயரையும் சேர்த்துச் சொன்னார். ரெக்டர், "திங்கக்கிழம ஆபீசுக்கு வா, அஜ்மல்" என்றார். அதை அஜ்மல் திரும்பிச் சத்தமாகச் சொன்னதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. ஒருவர் கையைக்கூடத் தட்டினார். இதோடு முடிந்தது என்று நான் கியரில் கை வைத்தேன்.

அந்த நேரத்தில் காவலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்த அஜ்மலின் கைகளைப் பார்த்துத் தடியை வீசினார். அஜ்மல் கையை இழுத்துக்கொண்டார். தடி கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி உடைந்து ரெக்டரின் மடியில் கொட்டியது. கண்ணாடி உடைந்த விதம் இதுதான். கல் எதுவும் வரவில்லை. பிறகு காரைத் துடைத்தவனும் நான்தான். சீட்டிலும் மிதியடியிலும் கண்ணாடித் துண்டுகளைத் தவிர ஒரு கல்கூட இல்லை. காவலாளியும் கெட்டவர் அல்ல. அவர் முகத்தில் என்னைவிட அதிகம் பயம் இருந்தது.

சத்தம் கேட்டதும் எல்லோரும் ஓடினார்கள். பட்டாள வண்டி கேட்டுக்கு வந்துவிட்டது. அஜ்மல் ஓடவில்லை. உடைந்த ஜன்னலுக்குள் குனிந்து, "ஸயாஜி, காயமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பட்டாளத்துக்காரர்கள் பின்னால் இருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ரெக்டர் வாயைத் திறக்கவில்லை. வீடு வரை மடியில் கிடந்த கண்ணாடியைத் தட்டாமல் அப்படியே வந்தார்.

திங்கட்கிழமை காலை அவரை ஏற்றிக்கொண்டு போகும்போது, அஜ்மல் கல் எறிந்ததாகவும் அரசாங்கத்தை இறங்கச் சொல்லிக் கத்தியதாகவும் வழக்குப் போட்டிருக்கிறார்கள், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நான் சொன்னேன். அப்படி அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர், "நான் கண்ண மூடிக்கிட்டு இருந்தேன், கோ சோ வின்" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். அதன் பிறகு, "நீயும் ரோட்டத்தானே பாத்துக்கிட்டு இருந்த?" என்றார்.

அந்த வாரத்தில் அஜ்மலின் தாயார் கரீமா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. "அண்ணன் நீங்க பாத்தீங்கன்னு எம் மகன் உள்ளேருந்து சொல்லியனுப்பினான். வேற ஒண்ணும் சொல்லல" என்றார். பிறகு, "நான் வந்தத யாரும் பாத்தாங்களா தெரியலயே, மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்து நடந்து போனார்.

அவரை யாரோ பார்த்திருக்கவேண்டும். மறுநாள் வார்டு அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர் வந்தார். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் வழக்கு அவரைப் பற்றியதாகிவிடும். புஷ்பலதா டீ கொடுத்தாள். குடித்துவிட்டு, "ஒங்க தம்பி பாலா நல்லாருக்கானா? இருபத்தேழுதானே ஆவுது?" என்றார். ஆமாம் என்றேன். "பட்டாளத்துக்கு ஆள் எடுக்குற குலுக்கல் வருதில்ல. குலுக்கல்னா என்னா, கை போடுற எடத்துலதானே இருக்கு. நீங்க சாட்சி சொல்லப் போறதாக் கேள்விப்பட்டேன்" என்றார். நான் இல்லை என்று சொன்னேன். அன்று பயத்தில் பொய் சொன்னேன். டீ நல்லா இருந்தது என்று புஷ்பலதாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் புஷ்பலதா வாசலில் கிடந்த செருப்புகளை எல்லாம் உள்ளே எடுத்து வைத்தாள். வீட்டில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று வெளியில் தெரியக்கூடாது என்றாள். அதன் பிறகு தெருவில் எந்த வண்டி வேகம் குறைத்தாலும் மூவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். அது போன பிறகும் விட்ட இடத்தில் இருந்து பேச வராது. சாட்சி சொல்வதைப் பற்றிப் பாலாதான் முதலில் பேசினான். "எனக்காகப் பாக்காதண்ணே. நீ வாய மூடிக்கிட்டா மட்டும் எம் பேரு வராதுன்னு யாரு எழுதிக் குடுத்தா?" என்றான். புஷ்பலதா அவனைக் கோபித்துக்கொண்டாள். பிறகு அவளே, "ஏங்க, அந்தப் பையன் அஜ்மல் அன்னிக்கு ஓடிருந்தா தப்பிச்சிருப்பான்ல?" என்று என்னைக் கேட்டாள். தப்பித்திருப்பான் என்றேன்.

பாலா இப்போது வீட்டில் இல்லை. எங்கே என்று நீதிமன்றம் கேட்டாலும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக்கூடாது என்றுதான் அவன் போகும்போது நான் வாசலுக்கு வராமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை கார்ச் சாவியைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒப்படைத்தேன். யாரும் கேட்டு வாங்கவில்லை, நானாகக் கொடுத்தேன். ரெக்டர் ஜன்னலில் நின்றிருந்தார். நான் நிமிர்ந்து பார்த்தபோது உள்ளே போய்விட்டார். அதன் பிறகு பஸ் ஏறி இங்கே தோ தமிழரசியிடம் வந்தேன். வழியில் இரண்டு தடவை இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன்.

எழுதியதை எல்லாம் தோ தமிழரசி எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்துப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இன்னும் நேரம் இருக்குண்ணே. நீங்க எழுந்திரிச்சுப் போனா நான் தப்பா நெனைக்க மாட்டேன். இந்தத் தாளக் கிழிச்சுருவேன்" என்றார். நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். கிழிக்க வேண்டாம், இதையும் சேர்த்து எழுதுங்கள் என்று சொன்னேன்.

இதில் உள்ளது எல்லாம் நான் கண்ணால் கண்டது, காதால் கேட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் அடிக்கவில்லை, யாரும் எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. கீழே உள்ள கையெழுத்து என் அடையாள அட்டையில் உள்ளதைப் போல இருக்காது. வேறு தாளில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தும் கோணலாகத்தான் வந்தது. இது அவன் போட்டது அல்ல என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. இது நான் போட்டதுதான்.

(ஒப்பம்)
சுரேந்திரன் என்கிற சோ வின்