எல்லாமே நைஸ்

— பஸ் சாவிதானே வேணும்? கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு எடுத்துக்கங்க. நைஸ்னா என்ன அர்த்தம்?

— காலங்கார்த்தால ஆரம்பிச்சுட்டியா? நல்லா இருக்குன்னு அர்த்தம். ஆளை விடு தாயே, ஸ்கூல் பிள்ளைங்க ஸ்டாப்ல வந்து நின்னுடும்.

— எது நல்லா இருக்கு? கலரா, துணியா, தையலா?

— நைஸ்னா எல்லாம் சேர்த்துத்தான். பிரிச்சுப் பிரிச்சா சொல்லுவாங்க?

— கல்யாணமான நாள்லேர்ந்து உங்க வாயில ‘பரவாயில்ல’யைத் தாண்டி ஒண்ணு வந்ததில்ல. இப்ப கொஞ்ச நாளா ஜன்னல் திரை நைஸ், என் புடவை நைஸ், சின்னவ வரைஞ்ச படம் நைஸ். யாரு கத்துக் குடுத்தது?

— திட்டினாலும் குத்தம், பாராட்டினாலும் குத்தமா?

— அந்தக் கண்டக்டர் பொண்ணுதானே?

— ஏய்! அது எனக்குத் தங்கச்சி மாதிரி.

— தங்கச்சியா? டிக்கெட் குடுக்க வேண்டியவ உங்க சீட்டுப் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு வர்றாளாம். காதுல குசுகுசுன்னு என்னமோ சொல்லிக்கிட்டே இருக்காளாம். நம்ம சின்னவ சொன்னா. அவளும் உங்க பஸ்லதானே போறா?

— சின்னப் புள்ளை பேச்சைக் கேட்டுக்கிட்டு...

— புள்ளையை விடுங்க. டிப்போல அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நீங்க இறங்கினதை நானே பாத்தேன்.

— ...படி வழுக்குச்சு.

— நல்லா வழுக்கும்! என் மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க. பாருங்க, மறுபடியும் சுவத்தைப் பாக்குறீங்க. மடியில கனம் இல்லாதவர் எதுக்கு ஓரக்கண்ணால பாக்கணும்?

— உன்னைத்தான்டி பாக்குறேன்.

— சரி. அந்தத் திரை எப்படி இருக்கு?

— அதான் நைஸ்னு சொன்னேனே. பூப்போட்டது, அம்சமா இருக்கு.

— பூப்போட்டதைக் கழட்டிட்டு கட்டம் போட்டது மாட்டி ஒரு வாரமாச்சுங்க.

— ...வேலை டென்ஷன். கவனிக்கல.

— சின்னவ என்ன வரைஞ்சிருந்தா? அதையாவது சொல்லுங்க.

— ஏதோ... வீடு, மரம். இப்ப எதுக்கு அது?

— உங்க மூஞ்சியைத்தாங்க வரைஞ்சிருந்தா.

— போதும் நிறுத்து! ஆணியில மாட்டின சாவி எங்க? கொண்டா. லேட்டாச்சுன்னா மெமோ குடுப்பான்.

— என்னங்க...

— என்னடி? குரல் ஏன் இப்படி நடுங்குது? சாவி எங்கன்னு கேட்டேன்.

— அப்போலேர்ந்து உங்க மூக்குக்கு நேரா... என் கையில தொங்கிக்கிட்டு இருக்குங்க.