நீளும் அறை

“அறைய உள்ள இழுக்குறதுக்கு முன்னாடி கூரையக் கூட்டுங்கன்னு எத்தன தடவ சொல்றது?”

கம்பத்திலிருந்து தேனி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையிலிருந்த பெண் தன் கணவரிடம் கேட்டாள். அவர்களுடைய திராட்சைத் தோட்டத்தில் சுற்றுலா வருகிறவர்கள் தங்க ஒரு கேரவன் வண்டி நிற்கிறதாம். பொத்தானை அமுக்கினால் அதன் படுக்கையறை பக்கவாட்டில் வெளியே நீளுமாம்.

“அதான் ஒழுகாம இருக்க சிலிக்கான் பசை பூசிட்டேன்ல.”

“பூசி என்ன செய்ய? கூரை மேல கெடக்குற எலையும் தண்ணியும் அறையோட சேந்து உள்ள வருது. மேல தண்ணிய தடுக்குற ரப்பரு கிழிஞ்சு தொங்குது. அத விட்டுட்டு அடியில ஊறிப்போன பலகைய மட்டும் மாத்துறீக. நேத்து தங்க வந்த அந்தம்மா காலு பலகைய ஒடச்சிட்டு உள்ள போயிருச்சு.”

“ஒண்ணும் ஆகலையே.”

“இடுப்புல புள்ளைய வச்சிருந்தாக. ஆகியிருந்தா?”

உத்தமபாளையம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கணவர் ஜன்னலை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“அறைய வெளிய நீட்டியே வச்சிட்டு வந்துட்டேன்.”

“தார்ப்பாயாவது போட்டீகளா?”

“அது வீட்டுல இருக்கு.”

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவரும் எழுந்தார். அடுத்த நிறுத்தமான சின்னமனூரில் இறங்கித் தோட்டத்துக்குத் திரும்ப, இருவரும் படிக்கட்டருகே நின்றே வந்தார்கள்.